எலும்புக்கும் பொக்லைனுக்கும் நடுவுல ஒரு வேலை



கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனியும் கொண்டுவராத ஒரு வேலையைப் பற்றியது இந்தப் பாடம். பெயர் கொஞ்சம் நீளம்: முதுகெலும்பித் தொல்லுயிரியலாளர். மீன், தவளை, பாம்பு, முதலை, டைனோசர், யானை என்று முதுகெலும்பு உள்ள உயிர்களின் புதைபடிவங்களைத் தேடி, பத்திரமாக எடுத்து, படித்து, எழுதி வைக்கிறவர்.

"சிவில் படிக்கிறவனுக்கு டைனோசர் எதுக்குடே?" என்று ஹாஸ்டலில் யாராவது கேட்கத்தான் செய்வீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று பூமியை அதிகமாகத் தோண்டுவது யார்? ஆராய்ச்சியாளர் ஒரு சீசனில் தோண்டுவதை ஒரு பொக்லைன் அரை மணி நேரத்தில் தோண்டிவிடும். குவாரி, அணை, சுரங்கப்பாதை, நாற்கரச்சாலை, மாலுக்கு அடியில் பார்க்கிங் எல்லாம் நம்ம வேலை. எலும்பு வெளியே தெரியும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் நிற்கப்போவது பெரும்பாலும் ஒரு ஆபரேட்டரும் ஒரு சைட் இன்ஜினியரும்தான். அந்த இன்ஜினியர் நீங்களாக இருக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

நம்ம பக்கம் "தோண்டுறாங்க" என்றாலே ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஞாபகம் வரும். அது தொல்லியல். மனிதர் விட்டுச்சென்ற தாழி, பானை, இரும்பு, மணி எல்லாம் அதற்குள் அடங்கும். வயது பெரும்பாலும் ஆயிரங்களில். தொல்லுயிரியலில் வயது கோடிகளில். மனிதன் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் வாழ்ந்து, மண்ணில் புதைந்து, கல்லாக மாறிப்போன உயிர்கள் அதன் பாடம்.

இரண்டும் ஒட்டும் இடம் ஒன்று உண்டு. அது எலும்பை அடையாளம் காணும் திறமை. கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புத் துண்டுகளைப் புனேயின் டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி, மாடு, எருமை, ஆடு என்று பிரித்துச் சொல்ல வைத்தார்கள். ஒரு உடைந்த துண்டைக் கையில் வைத்து "இது எருமையின் முன்னங்கால்" என்று சொல்லத் தெரிந்தவர் இரண்டு துறைக்கும் வேண்டியவர்.

வள்ளியூர்க் கல்லில் ஏன் எலும்பு இல்லை?

நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி வரும்போது இரண்டு பக்கமும் பாறைக் குன்று. அங்கங்கே கல் குவாரி, கிரஷர். இத்தனை கல் உடைக்கிறோமே, ஒரு எலும்பாவது வந்ததுண்டா? வராது. காரணம் இன்ஜினியரிங் ஜியாலஜி பேப்பரிலேயே இருக்கிறது.

நம்ம பகுதிக் குன்றுகளில் உள்ளவை சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ் போன்ற உருமாறிய பாறைகள். பூமிக்குள் வெகு ஆழத்தில், 800 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை. முதுகெலும்பு உள்ள முதல் உயிர்களின் தடயமே சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் கிடைக்கிறது. அதாவது, பாறை வெந்து முடிந்த பிறகுதான் எலும்புக்காரர்களே உலகத்துக்கு வந்தார்கள். அப்படியே ஏதாவது உள்ளே இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

புதைபடிவத்துக்குப் படிவுப் பாறை வேண்டும். ஆறோ கடலோ கொண்டுவந்து அடுக்கடுக்காகப் படியவிட்ட மணல், களிமண், சுண்ணாம்பு. கன்னியாகுமரி முதல் மணப்பாடு வரையிலான கடலோரத்தில் சிப்பி கலந்த மணற்கல் உண்டு. ஆனால் பெரிய எலும்பு வேண்டுமென்றால் ரயில் ஏறத்தான் வேண்டும். வள்ளியூர் வழியாகச் சென்னை போகும் ரயில்கள் பல, திருச்சி தாண்டி ஒரு ஊரைக் கடந்து போகும். அந்த ஊர் அரியலூர்.

கல்லமேடு: கிடைத்ததும் போனதும்

டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலாகவும் கடற்கரையாகவும் மாறி மாறி இருந்தது. இன்று அங்கே சிமென்ட் ஆலைகள் வரிசையாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் நாம் சிமென்டாக்கி வீடு கட்டுகிறோம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற கல்மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் அந்தக் காலத்தியதுதான்.

அரியலூர்ப் பக்கம் எலும்புகள் கிடக்கின்றன என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860-களிலேயே எழுதிவிட்டார். 1920-களில் சி.ஏ. மேட்லி வந்து தேடி, 1929-ல் கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகு அதே துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் வந்தார்கள். 1979-ல் இவர்கள் ஒரு உயிருக்கு வைத்த பெயர் திராவிடோசாரஸ். முதுகில் தகடு கொண்ட டைனோசர் என்று அதைச் சொன்னார்கள். 1990-களில் வேறு ஆய்வாளர்கள் இது டைனோசரே கிடையாது, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வன என்றார்கள். அந்த வாதம் தனிக்கதை.

1987-ல் இதே இருவர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். "பெரிய உடம்புப் பல்லி" என்று அர்த்தம். மேட்லியின் நினைவாக 'மேட்லியி' என்பது இரண்டாவது பெயர். முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரே ஒரு எலும்பின் நீளம் 2 மீட்டர். அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ் உலகத்தின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்று. அதற்கே முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு 1.55 மீட்டர்தான். முதலில் இதை இறைச்சி தின்னும் வகை என்று நினைத்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. இதன் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கும் என்று 2023-ல் கணக்குப் போட்டவர்களும் உண்டு. உலகத்தில் நடமாடிய மிகப்பெரிய விலங்கு நம்ம தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இல்லையா?

சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை.

கல்லமேட்டின் பாறை களிமண்ணும் மணலும் கலந்தது. மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும். உள்ளே இருக்கிற எலும்பும் அதோடு சேர்ந்து நொறுங்கும். தோண்டி எடுத்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன என்று 2017-ல் எழுத்தில் பதிவானது. அய்யாசாமியும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். 1987 கட்டுரையில் தெளிவான புகைப்படங்கள் இல்லாததால், அது எலும்பே கிடையாது, கல்லான மரத்தண்டு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பக்கத்திலேயே சாத்தனூர் மரம் இருக்கும்போது இந்தச் சந்தேகம் வரத்தானே செய்யும்! 2022-ல் அய்யாசாமியும் சௌரப் பாலும் அகழ்வின்போது எடுத்த பழைய படங்களை வெளியிட்ட பிறகுதான் எலும்பு என்ற தரப்புக்கு ஒரு பிடி கிடைத்தது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு இருந்த வசதி அவ்வளவுதான். ஆனால் விளைவை மட்டும் கவனியுங்கள். சுமார் 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்த எலும்பு, வெளியே வந்த பிறகு சில பத்தாண்டுகூட நிற்கவில்லை. இப்போது யாராலும் அதை அளந்து சரிபார்க்க முடியாது. அறிவியலில் சரிபார்க்க முடியாத சாதனைக்குப் பட்டியலில் உறுதியான இடம் கிடையாது.

அதே ஊரில் ஒரு பல்

இனி இன்னொரு கதை, அதே கல்லமேட்டிலிருந்து. அஞ்சலி கோஸ்வாமி, டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.வி.ஆர். பிரசாத் முதலியோர் அடங்கிய குழு அங்கே வேலை செய்தது. 2013-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆதாரம் ஒரே ஒரு பல். விரல் நுனியில் வைத்துப் பார்க்கிற அளவு.

அந்தப் பல்லின் வடிவத்தையும் ஓரத்தில் இருக்கிற ரம்பம் போன்ற பற்களையும் அளந்து, அது ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாதிட்டார்கள். அதுவரை இந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் இந்தியா கடலில் தனியாக நகர்ந்துகொண்டிருந்த ஒரு தீவு. வடக்கே மட்டும் இருந்ததாக நினைத்த குடும்பம் இங்கே எப்படி வந்தது? ஒரு பல் கண்டங்களின் வரலாற்றையே கேள்வி கேட்கிறது. யாருக்காவது இதில் சம்மதம் இல்லையென்றால், பல்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து மறுபடி அளக்கலாம். சண்டை போடலாம். சண்டை போடுவதற்குப் பொருள் கையில் இருக்கிறது.

2 மீட்டர் எலும்பால் முடியாததை ஒரு பல் செய்கிறது. கண்டுபிடிப்பது வேலையின் முதல் நாள் மட்டும்தான். காப்பாற்றுவதும் பதிவு செய்வதும் மீதி எல்லா நாளும்.

ஆராய்ச்சி என்றால் தினமும் என்ன வேலை?

சினிமாவில் வருகிற மாதிரி பிரஷ்ஷால் தூசி தட்டினால் முழு எலும்புக்கூடு தெரியும் என்று நினைக்க வேண்டாம். வருஷத்தில் சில வாரம்தான் களம். அதிலும் பாதி நாள் குனிந்தபடி நடக்கிற வேலை. எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் ஒட்டிப்பார்க்கிற பழக்கமும் களத்தில் உண்டு. எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் நாக்கில் ஒட்டும். சாதாரணக் கல் பெரும்பாலும் ஒட்டாது.

பெரிய எலும்பு கிடைத்தால் சுற்றிலும் அகழி மாதிரி வெட்டி, மேலே ஈரக் காகிதம் சுற்றி, அதற்கு மேல் சாக்குத் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கிப் போர்த்துவார்கள். கை கால் முறிந்தால் போடுகிற மாவுக்கட்டேதான். எலும்பு மிகவும் உதிர்கிற நிலையில் இருந்தால் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஊட்டி இறுக்குவார்கள். பிறகு தேவைப்பட்டால் அதைத் திரும்பக் கரைத்து எடுக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. சின்னப் பல், செதில், தவளை எலும்பு மாதிரியானவற்றுக்கு மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளி, ஊறவைத்து, சல்லடையில் சலித்து, மிச்சத்தை நுண்ணோக்கிக்கு அடியில் ஒவ்வொரு துகளாகப் பொறுக்குவார்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிவராது.

ஆய்வகத்துக்கு வந்த பிறகு சுத்தம் செய்வது, உலகத்தில் உள்ள மற்ற மாதிரிகளோடு ஒப்பிடுவது, வரைவது, கட்டுரை எழுதுவது, வகுப்பெடுப்பது, நிதிக்கு விண்ணப்பிப்பது. ஒரு மாதிரி பெட்டிக்குள் இருந்தபடியே பல ஆண்டு கழித்தும் பேசும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தனஞ்ஜய் மொகபே 1980-களில் குஜராத்தில் டைனோசர் முட்டைகளோடு சேர்ந்து கிடந்த எலும்புகளை எடுத்தார். முட்டையிலிருந்து வெளியே வந்த குட்டி டைனோசர் என்று அப்போது நினைத்தார். 2001-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி வில்சன் அதைப் பார்த்தபோது, அதில் பாம்பின் முதுகெலும்பு இருப்பது தெரிந்தது. முட்டைக் கூட்டுக்குள் வந்து, குஞ்சைத் தின்னக் காத்திருந்தபடியே புதைந்துபோன சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பு அது. 2010-ல் சனாஜே இண்டிகஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதல் கணிப்பு மாறினாலும் கல் பத்திரமாக இருந்ததால்தான் இரண்டாவது கணிப்பு சாத்தியமானது.

நம்ம மெக்கானிக்கல் ஆட்கள் கவனத்துக்கு: 2001-ல் எமிலி ரேஃபீல்டின் குழு அல்லோசாரஸ் என்ற டைனோசரின் மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து, ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ் செய்து பார்த்தது. அதன் கடியின் பலத்தைவிட மண்டையோடு தாங்கும் சுமை பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நீங்கள் பிராக்கெட்டுக்கும் சேசிசுக்கும் போடுகிற அதே மெஷ், அதே லோடு, அதே பவுண்டரி கண்டிஷன். இந்தத் துறையில் இப்போது இன்ஜினியருக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

ஆலோசகர்: ஹெல்மெட் போட்ட தொல்லுயிரியலாளர்

இதுவரை பார்த்தது ஆராய்ச்சி. இனி கன்சல்டிங். இது இந்தியாவில் அதிகம் தெரியாத பக்கம்.

அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் உள்ள புதைபடிவங்களைக் காக்க 2009-ல் தனிச்சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் பெரிய கட்டுமானம் என்றால், சுற்றுச்சூழல் ஆய்வோடு புதைபடிவத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அதனால் கட்டுமான நிறுவனங்கள் தொல்லுயிரியலாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கின்றன. அவர் வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும்:

முதலில் மேசை வேலை. புவியியல் வரைபடம், பழைய கட்டுரைகள், அருங்காட்சியகப் பதிவுகளைப் பார்த்து, அந்த நிலத்தில் என்ன பாறை, முன்பு என்ன கிடைத்தது என்று எழுதுவார். பிறகு நிலத்தை நடந்து பார்ப்பார். பாறைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை அங்கே உண்டு. 1 என்றால் எலும்பு கிடைக்க வாய்ப்பே இல்லாத பாறை, 5 என்றால் மிக அதிக வாய்ப்பு. அந்தக் கணக்கில் நம்ம வள்ளியூர்க் குன்றுக்கு 1 போடலாம். கல்லமேட்டுக்குத் தயங்காமல் 5. மதிப்பெண் அதிகமான இடத்தில் தோண்டும்போது கண்காணிப்பாளர் ஒருவர் மஞ்சள் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். எலும்பு தெரிந்தால் அந்தச் சின்ன வட்டத்தில் மட்டும் வேலையை நிறுத்தச் சொல்வார். இயந்திரம் வேறு பக்கம் போகும். இவர் படம் எடுத்து, அளந்து, மாவுக்கட்டுப் போட்டு, எடுத்துவிட்டு வழி விடுவார். கடைசியில் மாதிரிகள் அருங்காட்சியகத்துக்கு, அறிக்கை அரசுக்கு.

இதனால் வேலை நின்றுபோகுமா? நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ். 2006-ல் அங்கே கலை அருங்காட்சியகத்துக்கு நிலத்தடி பார்க்கிங் தோண்டும்போது, தார் ஊறிய மண்ணில் எலும்புகள் குவியலாக வந்தன. அங்கேயே உட்கார்ந்து தோண்டினால் பல ஆண்டு ஆகும். அதனால் மண்ணோடு சேர்த்து 23 பெரிய மரப்பெட்டிகளாகக் கட்டித் தூக்கி, பக்கத்து வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கிங் வேலை நடந்தது. பெட்டிகளை ஆய்வாளர்கள் பிறகு நிதானமாகப் பிரித்தார்கள். 'செட்' என்று பெயர் வைத்த மாமத் யானையின் எலும்புக்கூடும் அந்த இடத்தில் கிடைத்ததுதான். இதில் தொல்லுயிரியல் எவ்வளவு, இன்ஜினியரிங் எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

இன்னொன்று கனடா, ஆல்பர்டா மாநிலம். 2011 மார்ச்சில் ஒரு எண்ணெய் மணல் சுரங்கத்தில் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் ஷான் ஃபங்க், வாளியில் வந்த பாறையின் நிறமும் அமைப்பும் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார். அங்கே புதைபடிவம் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ராயல் டைரல் அருங்காட்சியகத்துக்குத் தகவல் போனது. தூக்கும்போது பெரிய பாறை தன் எடை தாங்காமல் உடைந்தது. துண்டு துண்டாக மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டுபோனார்கள். மார்க் மிட்செல் என்ற தொழில்நுட்பர் சுமார் 7,000 மணி நேரம் கல்லைச் செதுக்கி எலும்பையும் தோலையும் வெளியே கொண்டுவந்தார். 11 கோடி ஆண்டு பழைய, கவசம் போட்ட டைனோசர் அது. 2017-ல் அதற்கு வைத்த பெயர் போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி. பேராசிரியர் பெயரை வைக்கவில்லை, செதுக்கியவர் பெயரை வைத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

சம்பளம் யார் தருகிறார்?

கன்சல்டிங்கின் கஷ்டம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தருகிறது. ஆலோசகருக்குத் தருவது யாருடைய இயந்திரத்தை அவர் நிறுத்த வேண்டியிருக்கிறதோ, அதே நிறுவனம். ஒரு நாள் தாமதம் என்றால் என்ன செலவு என்று பிராஜெக்ட் மேனேஜருக்குத் தெரியும். எலும்புக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. "ஒண்ணும் இல்லன்னு எழுதிக் கொடுங்க சார்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை, அந்த அழுத்தம் காற்றிலேயே இருக்கும்.

அதே நேரம் எல்லாவற்றையும் நிறுத்துகிற ஆலோசகராலும் பயன் இல்லை. ஒவ்வொரு சிப்பிக்கும் கொடி பிடித்தால், அடுத்த முறை ஆபரேட்டர் எலும்பைப் பார்த்தாலும் சொல்ல மாட்டார், மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். எது முக்கியம், எதைப் படம் எடுத்தால் போதும், எதற்காக வேலையை நிறுத்த வேண்டும் என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்கத் தெரிய வேண்டும். அந்தத் தைரியம் படிப்பிலிருந்து வரும். ஆயிரம் துண்டுகளைக் கையில் பிடித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து வரும். ஆகவே நல்ல ஆலோசகராக வேண்டுமென்றால் முதலில் நல்ல ஆராய்ச்சியாளராக இருந்தாக வேண்டும்.

நம்ம நாட்டில் நிலைமை என்ன?

நேராகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் குவாரியிலோ சாலை வேலையிலோ புதைபடிவக் கண்காணிப்பாளர் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாத்தனூர், திருவக்கரை மாதிரி சில இடங்களைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். புவிமரபு இடங்களைக் காப்பதற்கான ஒரு வரைவு மசோதாவை 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. சட்டம் இல்லாவிட்டால் ஆலோசகருக்கு வேலையும் இல்லை. எண்ணெய் நிறுவனங்களில் தொல்லுயிரியலாளர்கள் உண்டு, ஆனால் அவர்கள் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படிவங்களை.

ஆலோசகர் இல்லாததால் என்ன ஆகும்? 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் எடுக்கும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. "டைனோசர் முட்டை" என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. பிறகு நிபுணர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரோடு தொடர்புடைய கடற்படிவு உருண்டைகள் என்றார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் களத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இது முட்டை இல்லாததை முட்டை என்று நினைத்த கதை. எலும்பைக் கல் என்று நினைத்துக் கிரஷரில் போட்ட கதை எத்தனை என்பதற்குக் கணக்கே இருக்காது. கிரஷருக்குள் போனது செய்தியாகாது.

எப்படிப் போவது?

வழக்கமான வழி: பி.எஸ்சி. ஜியாலஜி, எம்.எஸ்சி. ஜியாலஜி, பிறகு பிஎச்.டி. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி துறை உண்டு. திருச்சி தேசியக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் என்று மேலே போகலாம். முதுகெலும்பிப் புதைபடிவத்துக்கென்றே பெயர் பெற்ற இடங்கள் டெல்லி பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. ரூர்க்கி, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம். லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம், டேராடூனில் வாடியா நிறுவனம் ஆகியவையும் உண்டு. புள்ளியியல் நிறுவனத்தில் டைனோசரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். பாராபாசாரஸ் தாகூரை என்ற இந்திய டைனோசரை விவரித்ததே அங்கே உள்ளவர்கள்தான்.

அரசு வேலைக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். அதற்குப் புவியியல் சார்ந்த முதுநிலைப் பட்டம் கட்டாயம். வெறும் பி.இ. போதாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நெட் தேர்வின் புவி அறிவியல் தாள் இருக்கிறது. கேட் தேர்விலும் ஜியாலஜிக்குத் தாள் இருக்கிறது.

"நாங்க ஏற்கனவே பி.இ. சேர்ந்தாச்சே?" என்கிறீர்களா. இரண்டு வழி உண்டு. ஒன்று, புவியியல் பக்கம் முதுநிலைக்கு மாறுவது. எந்தப் படிப்புக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள், எல்லா இடத்திலும் பி.இ.-யை ஏற்க மாட்டார்கள். இரண்டாவது வழி, இன்ஜினியராகவே இருந்து இந்தத் துறைக்குக் கருவி செய்து தருவது. கைப்பேசியில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்கிற போட்டோகிராமெட்ரி, சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கிற மென்பொருள், ட்ரோன் சர்வே, ஜி.ஐ.எஸ். இதெல்லாம் ஒரு ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குள் அடங்குகிற விஷயம். மெஷ்ரூம் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. கல்லமேட்டின் 2 மீட்டர் எலும்பை அன்று அப்படி ஐம்பது படம் எடுத்து வைத்திருந்தால், எலும்பு போனாலும் அளவு மிஞ்சியிருக்கும்.

வேலை வாய்ப்பு குறைவு, பிஎச்.டி.க்கு ஆண்டுகள் ஆகும், அதன் பிறகும் நிரந்தர இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். இதை மறைத்துச் சொன்னால் பாவம். ஆசை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி: ஒரு சனிக்கிழமை அரியலூர் போய் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள், சாத்தனூர் மரத்தைப் பாருங்கள். வெயிலில் நடந்து களைத்த பிறகும் இன்னும் ஒரு ஓடை பார்க்கலாம் என்று தோன்றினால், யோசிக்கலாம்.

சைட்டில் எலும்பு தெரிந்தால்

இந்தத் துறைக்கே போகாதவர்களும் இந்த ஆறு விஷயத்தை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒன்று, அந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்துங்கள். முழு சைட்டையும் நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டு, பிடுங்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். மண்ணோடு இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

மூன்று, படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் பேனாவாவது வையுங்கள். கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, சுற்றிலும் பல.

நான்கு, கைப்பேசியில் ஜி.பி.எஸ். புள்ளியைக் குறியுங்கள். மேலிருந்து எத்தனை மீட்டர் ஆழம், எந்த அடுக்கு என்று எழுதுங்கள். இடம் தெரியாத எலும்புக்குப் பாதி மதிப்புப் போய்விடும்.

ஐந்து, வெயிலும் மழையும் படாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், ஸ்டேட்டஸ் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள்.

ஆறு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, பக்கத்துப் பல்கலைக்கழக ஜியாலஜி துறைக்கோ படத்தோடு தகவல் அனுப்புங்கள்.

ஆறும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. நம்மில் யாராவது ஒருவர் நாளைக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினியராகப் போய் நிற்பது நடக்காத விஷயம் இல்லை. அன்றைக்கு வாளியில் வருகிற கல் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தால், கிரஷருக்குப் போகும் முன் ஒரு நிமிடம் இறங்கிப் போய்ப் பாருங்கள் மக்களே.